பல் பதிந்த மைனஸ் வயர்

ஆனைக்குட்டம் விலக்கைத் தாண்டி, பாலம் கட்டுவதற்காகச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்த இடத்தில் செல்லக்கனியின் வண்டி நின்றுபோனது. முன்னால் அட்டைப்பெட்டி லோடு ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் இவளும் ஊர்ந்தாள். வேகம் குறையக் குறைய முகப்பு விளக்கு மங்கியது. ஹாரன் தொண்டை கட்டிய ஆடு மாதிரி இழுத்தது. பிறகு எல்லாம் அடங்கிவிட்டது. செல்ஃப் பட்டனை அழுத்தினாள். டிக் என்று ஒரு சத்தம் வந்தது. மறுபடி அழுத்தியபோது அந்த டிக்கும் இல்லை.

மணி பன்னிரண்டரை. மூன்று மணிக்கு அவள் சூலக்கரையில் விசாரணை அதிகாரி முன்னால் இருக்க வேண்டும்.

கிக்கரை உதைத்துப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். பழைய வண்டி என்றால் பேட்டரி செத்தாலும் நாலு உதையில் கிளம்பும். இது பெட்ரோலைக்கூடக் கரண்டு வைத்து இறைக்கிற புது மாதிரி. பேட்டரி இல்லாவிட்டால் வெறும் இரும்பு. இறங்கித் தள்ளினாள். புரட்டாசி மாதம் என்று பேர்தான், வெயில் சித்திரையைப்போலக் காய்ந்தது. ஹேண்டில்பாரில் கட்டியிருந்த எலுமிச்சம்பழம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆடி அவள் மணிக்கட்டில் இடித்தது.

அந்தப் பழத்தைக் கட்டியவன் அவள் புருசன் சுடலை. கல்குவாரியில் முட்டியை இழந்துவிட்டு வீட்டில் இருக்கிறான். நல்ல மனுசன்தான். ஆனால் ஊர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்கிறவன். ஊர் சொன்னது இது: மாரித்தாய் உட்கார்ந்த வண்டி அது, அவள் இறங்க மாட்டேன் என்கிறாள், அதனால்தான் வண்டியில் கரண்டு தங்கவில்லை.

மாரித்தாய் செத்தது சித்திரையில். வண்டி மக்கர் பண்ணத் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான். ஊருக்கு அது போதும்.

செல்லக்கனிக்கு வயது நாற்பத்து மூன்று. வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் ஊர். தாத்தன் காலம்வரை அடுத்தவர் கரிசலில் கூலி வேலை. இவள் எட்டாவது முடித்த கையோடு பட்டாசுக் கம்பெனிக்குப் போனவள். திரி சொருகுவதில் அவள் கைக்கு ஈடு கிடையாது என்பார்கள். நான்கு வருடத்துக்கு முன்னால், தெருவுக்குள் வந்துகொண்டிருந்த கம்பெனி வேன் வருவதை நிறுத்திக்கொண்டது. ரோடு சரியில்லையாம். அதே ரோட்டில் மேலத்தெருவரைக்கும் வேன் வந்தது. அங்கிருந்து இவர்கள் தெருவுக்கு வரும்போது மட்டும் ரோடு கெட்டுவிடும். கெஞ்சிக்கொண்டு நிற்க அவளுக்குப் பிடிக்கவில்லை. முப்பத்தொன்பது வயதில் வண்டி ஓட்டப் படித்தாள். முழங்கை இரண்டும் தேய்ந்த பிறகு ஓட்ட வந்தது. முதல் நாளே பின்னால் ஏறி உட்கார்ந்தவள், அதே கம்பெனியில் வேலை பார்த்த மாரித்தாய். "நீ கீழ போட்டா ரெண்டு பேரும் சேந்து விழுவோம், ஓட்டு" என்றாள். அன்றிலிருந்து போன சித்திரைவரைக்கும் அந்தப் பின்சீட்டு அவளுடையது.

அரைக் கிலோமீட்டர் தள்ளியபின் தகரக் கூரை போட்ட ஒரு மெக்கானிக் கடை வந்தது. கடைக்காரன் சிவபாண்டி வேப்பமரத்து நிழலில் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்திருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். பெண் ஒருத்தி வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்து, ஒரு கவளத்தை வாயில் போட்டபடியே கையைக் கழுவினான்.

செல்ஃபை ஒருதரம் அழுத்திப் பார்த்தான். அவ்வளவுதான் அவன் சோதனை.

"பேட்டரி போயிருச்சு யக்கா. வேற போட்டுருவோம்."

ஆடி மாதத்தில்தான் புதுசு போட்டதாகச் சொன்னாள். அப்படியென்றால் அது மட்டமான பேட்டரியாக இருக்கும் என்றான். அதற்கு முன்னால் இருந்ததும் நல்ல பேட்டரிதான், அதையும் இப்படித்தான் சொல்லிக் கழற்றினார்கள் என்றாள்.

"வெளிச்சம் இல்லைன்னா பல்பை மாத்துறீக, பல்பு எரியலைன்னா பேட்டரிய மாத்துறீக. சார்ஜ் ஏறுதா இல்லையான்னு ஒரு ஆளாவது பாத்தீகளா தம்பி?"

சிவபாண்டிக்கு முகம் சுருங்கியது. வண்டியை இங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறச் சொன்னான். சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளலாம், விருதுநகர் பஸ் இப்போது வரும். அவன் சொன்ன மாதிரியே பஸ் வந்தது. செல்லக்கனி கையைத் தூக்கப் போனவள் தூக்கவில்லை. பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

போய் என்ன செய்ய? அவள் கையில் இருந்தது வாய்வார்த்தை மட்டும்தான். அதைக் கொண்டுபோய் மூன்று மணிக்கு வைத்தாலும் ஒன்றுதான், நாலு மணிக்கு வைத்தாலும் ஒன்றுதான். அதைவிட, இந்த வண்டிக்கு என்ன கோளாறு என்று தெரிந்தாக வேண்டும் என்று அவளுக்குள் ஒரு பிடிவாதம் முளைத்திருந்தது.

"செத்துப்போனவ பேரைச் சொல்லி இந்த வண்டிக்குப் பூசை போடுறாக. ரெண்டு மணிவரைக்கும் இருக்கேன். என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

அவன் எலுமிச்சம்பழத்தையும் அவள் முகத்தையும் பார்த்தான். அலமாரியில் இருந்த மீட்டரை எடுத்து, வேட்டியில் துடைத்தான்.

கோளாறு எப்போது வருகிறது என்று கேட்டான். யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. அவள் எல்லாவற்றையும் கவனித்து வைத்திருந்தாள். வேகமாகப் போனால் ஒன்றும் இல்லை, மெதுவாகப் போனால் விளக்கு மங்கும். மேடுபள்ளத்தில் ஏறி இறங்கினால் சில நேரம் தானாகவே சரியாகும். இரண்டு நாள் நிறுத்தி வைத்தாலும் பேட்டரி இறங்குவதில்லை, ஓட்டினால்தான் இறங்குகிறது. பேய்க்கு இத்தனை ஒழுங்கு இருக்குமா என்று அவளே பலமுறை யோசித்திருக்கிறாள்.

சிவபாண்டி கடையில் இருந்த நல்ல பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்து, இரண்டு வயரை அதிலிருந்து வண்டியின் பேட்டரிக்குக் கொடுத்தான். ப்ளஸ்ஸில் ப்ளஸ், மைனஸில் மைனஸ். பட்டனை அழுத்தினான். டிக். நல்ல பேட்டரி சேர்ந்தும் டிக்தான். மைனஸ் கவ்வியைக் கழற்றி, என்ன நினைத்தானோ, இன்ஜினின் வெற்று இரும்பில் கவ்வ விட்டான். அழுத்திய கையை எடுப்பதற்குள் வண்டி பிடித்துக்கொண்டு உறுமியது.

"அட" என்றான்.

கடை பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஓடுகிற வண்டியில் மீட்டரை வைத்தான். இப்போது அவனுக்கு அவசரம் போய்விட்டிருந்தது. மீட்டர் வயரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் ப்ளஸ்ஸிலும் மற்றதை இன்ஜின் உடம்பிலும் வைத்தால் பதினாலரை வோல்ட். அப்படியென்றால் கரண்டு எடுக்கிற காயிலும் நல்லது, ரெகுலேட்டரும் நல்லது, வண்டி வேண்டிய கரண்டைத் தயாரிக்கிறது. உடம்பில் வைத்த முள்ளைப் பேட்டரியின் மைனஸுக்கு மாற்றினால் பன்னிரண்டு. அவளையும் குனிந்து பார்க்கச் சொன்னான். மறுபடி உடம்பில், பதினாலரை. மறுபடி மைனஸில், பன்னிரண்டு.

"நடுவுல ரெண்டரை வோல்ட்டை எவனோ திங்கிறான் யக்கா. இன்ஜின் சம்பாதிக்குது, பேட்டரிக்குப் போய்ச் சேரல."

நடுவில் இருப்பது ஒரு சாண் நீள வயர்தான். பேட்டரி மைனஸிலிருந்து வண்டியின் உடம்புக்குப் போகிற கறுப்பு வயர். வண்டியை அணைத்து, முனையில் மூடியிருந்த ரப்பர் உறையைப் பின்னுக்குத் தள்ளி, லேசாகச் சுண்டினான். போல்ட் மாட்டுகிற வளையம் கீறி விரிந்திருந்தது. வளையத்துக்கும் வயருக்கும் இடையில் செம்பு இழைகள் அறுந்து, கறுத்து, ஐந்தாறு இழைகள் மட்டும் தொற்றிக்கொண்டிருந்தன. பல்பு மாற்றியவரும் பேட்டரி மாற்றியவரும் இந்த ரப்பரை விலக்கிப் பார்க்கவில்லை. விலக்கியிருந்தால் ஒரு நிமிட வேலை.

அவன் வயரை வெளிச்சத்தில் திருப்பினான். முகம் மாறியது.

"இத யாரு கடிச்சது?"

செல்லக்கனி கிட்டே வந்து குனிந்தாள்.

"எலி கடிச்சா பொடிப்பொடியாக் கொறிச்சிருக்கும். இது மனுசப் பல்லு. இங்கன பாருங்க, வரிசையாப் பதிஞ்சிருக்கு."

அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து மாதமாக அவள் ஒரு பக்கத்தில்தான் மெல்லுகிறாள். முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கிறது. எப்போது உடைந்தது என்று சுடலை கேட்டதற்கு, சோளப்பொரி தின்றபோது என்று சொல்லிவைத்தாள்.

சிவபாண்டியிடம் அவள் சொன்னதன் சுருக்கம் இது. இரண்டு வருடத்துக்கு முன்னால் கம்பெனியில் ஒரு சட்டம் போட்டார்கள். வண்டியில் பொறி தட்டினால் ஆபத்து, ஆகவே கேட்டுக்குள் வண்டி விடுகிற ஒவ்வொருவரும் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்ற வேண்டும். கழற்றினால் மட்டும் போதாது. அதை மாட்டியிருந்த போல்ட்டை வாட்ச்மேனிடம் கொடுக்க வேண்டும். அவன் அதை ஒரு பெயிண்ட் டப்பாவில் போட்டு ஆபீஸ் ரூமில் பூட்டுவான். சாயங்காலம் சங்கு ஊதியபிறகுதான் திரும்பத் தருவான். முதலாளி வீட்டுக் கார் மட்டும் வெடிமருந்து ரூமுக்குப் பத்தடி தள்ளி நிற்கும், அதன் பேட்டரிக்குப் பொறி தட்டத் தெரியாது போல. போல்ட் டப்பா பாதுகாப்புக்கு இல்லை, சீசன் நேரத்தில் ஒருத்தரும் மதியம் கிளம்பிப் போய்விடாமல் இருக்கத்தான் என்பது வண்டியில் வந்துபோகிற பதினோரு பேருக்கும் தெரியும். நாலு பேர் இருக்க வேண்டிய ஷெட்டில் ஒன்பது பேரை உட்காரவைத்தவர்கள் பாதுகாப்பைப் பற்றி வேறென்ன நினைத்திருப்பார்கள்?

அன்றைக்கு மருந்து உரசிப் பற்றியபோது, வெந்த உடம்போடு மாரித்தாய் தானே நடந்து வெளியே வந்தாள். பேசினாள். தண்ணீர் கேட்டாள். என்னைச் சீக்கிரம் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொன்னாள், ஒருதரம் அல்ல, பலதரம். போன்களும் கேட்டிலேயே வாங்கி வைக்கப்பட்டிருந்தன. சத்தம் கேட்டதும் வாட்ச்மேன் ஓடிவிட்டான். ஆபீஸ் பூட்டியிருந்தது. மரத்தடியில் பதினோரு வண்டி வரிசையாக நின்றன, ஒன்றையும் கிளப்ப முடியவில்லை. செல்லக்கனி தன் வண்டியின் மைனஸ் வயரை இழுத்து, வளையத்தைக் கல்லால் அடித்து விரித்து, வயரைப் பல்லால் கடித்து இழுத்து, எப்படியோ பேட்டரியில் சொருகி, சேலைக் கிழிசலால் இறுக்கிக் கட்டினாள். அப்போது தெறித்ததுதான் பல். மெயின் ரோட்டுக்குப் போய் ஒரு லோடு ஆட்டோவை அழைத்துக்கொண்டு திரும்பியபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. மூன்றாம் நாள் மாரித்தாய் போய்விட்டாள். நாற்பது நிமிடம் முன்னால் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை.

மறுநாள் கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள். செல்லக்கனி சைக்கிள் கடையில் ஒரு போல்ட் வாங்கி மாட்டினாள். ரப்பர் உறையைத் தள்ளி மூடினாள். அதோடு வயரை மறந்துபோனாள். மறக்கவும் விரும்பினாள்.

சூலக்கரை விசாரணைக்குக் கம்பெனி எழுதிக் கொடுத்தது வேறு. போல்ட் வாங்குகிற வழக்கமே கிடையாதாம். வண்டிகள் தயாராக நின்றனவாம். மாரித்தாய்தான் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன், வீட்டில் போய் மருந்து தடவிக்கொள்கிறேன் என்று மறுத்து உட்கார்ந்துவிட்டாளாம். அதில் மற்றப் பத்து வண்டிக்காரர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கம்பெனி திறந்தால்தான் அவர்கள் வீட்டில் உலை. செல்லக்கனிக்கு அவர்கள்மேல் கோபம்கூட வரவில்லை, அலுப்பாக இருந்தது. அங்கே கம்பெனி மாரித்தாயைக் குற்றம் சொன்னது. இங்கே ஊர் அவளைப் பேய் என்றது. செத்தவள் எழுந்து வந்து மறுக்கமாட்டாள் என்பதில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே நம்பிக்கை.

சிவபாண்டி தடித்த வயர் ஒன்றை அளந்து வெட்டினான். புது வளையம் வைத்து ஈயம் பற்றவைத்தான். மாட்டி முடுக்கி, கடை பேட்டரியின் துணையோடு வண்டியைக் கிளப்பி, மீட்டரை வைத்தான். உடம்பில் பதினாலரை. மைனஸிலும் அதே பதினாலரை.

பழைய வயரைத் தொட்டியில் போடப் போனவனை அவள் தடுத்தாள். அவன் அதைத் துடைக்கப் போனான்.

"தொடைக்காதீக. அப்படியே குடுங்க."

செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தான். வண்டியை அணைக்காமல் நேராகச் சூலக்கரைக்குப் போகச் சொன்னான், அதற்குள் பேட்டரி தேறிவிடும் என்றான். சாப்பிட்டீர்களா என்று கேட்டான். அவள் இல்லை என்றாள். தூக்கில் இருந்ததைக் காட்டினான். நேரமில்லை என்று கிளம்பினாள்.

ஆமத்தூரைத் தாண்டுகிறபோதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. நாற்பது நிமிடத்தைப் பற்றி ஐந்து மாதமாக நினைத்து நினைத்து மருகியிருக்கிறாள், ஆனால் மீட்டரை இங்கே வைத்துப் பார், அங்கே வைத்துப் பார் என்கிற மாதிரி ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த போல்ட்கள் இப்போது எங்கே இருக்கின்றன?

சூலக்கரை அலுவலகத்தில் மூன்று பத்துக்கு நுழைந்தாள். நான்கு மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரி நடுவயதுப் பெண்மணி. மேசையில் கோப்புகள் கழுத்துவரைக்கும் இருந்தன. எதிரே கம்பெனி மேனேஜர் முத்துக்கிருஷ்ணன், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில். செல்லக்கனியைப் பார்த்து, நல்லா இருக்கியா என்று கேட்டார். பதினைந்து வருடமாக ஒருமையில்தான் பேசுவார். அவளும் பதினைந்து வருடமாக அவரை சார் என்கிறாள்.

சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அதிகாரி, பத்துப் பேர் ஒரு மாதிரியும் நீங்கள் ஒருவர் வேறு மாதிரியும் சொல்கிறீர்களே, ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார். கேள்வியில் வெறுப்பு இல்லை, அன்றைய பத்தாவது கேள்வியின் களைப்புதான் இருந்தது. செல்லக்கனி செய்தித்தாளைப் பிரித்து வயரை மேசைமேல் வைத்தாள்.

முத்துக்கிருஷ்ணன் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வண்டியில் எலி கடிக்காத வயர் எங்கே இருக்கிறது, இதையெல்லாமா ஆதாரம் என்று கொண்டுவருவது என்றார்.

"எலிக்கு முன்பல்லு பாதி ஒடஞ்சிருக்குமா சார்?"

சொல்லிவிட்டு அவள் உதட்டை விரல்களால் விலக்கிக் காட்டினாள். அதிகாரி கண்ணாடியை மாற்றிக்கொண்டு வயரை ஜன்னல் பக்கம் பிடித்தார். ஆழமாக மூன்று பதிவு, நடுவில் ஒன்று பாதி. அவளை அருகே கூப்பிட்டு ஒருதரம் பார்த்தார். மறுபடி வயரைப் பார்த்தார்.

"வண்டி தயாரா இருந்திருந்தா நான் ஏன்மா வயரைக் கடிக்கேன்? எனக்கு என்ன கிறுக்கா?" என்றாள் செல்லக்கனி. குரல் உயரவில்லை. "இது ஒண்ணை நம்ப வேண்டாம். எங்க ஊர்ல இன்னும் பத்து வண்டி நிக்கி. எல்லாம் அவுத்துப் பாருங்க. மத்த போல்ட்டெல்லாம் வண்டியோட வந்ததா இருக்கும். மைனஸ் போல்ட்டு மட்டும் சைக்கிள் கடை போல்ட்டா இருக்கும், பத்துலயும். வண்டி போல்ட்டு பதினொண்ணும் பெயிண்டு டப்பால கெடக்கு. டப்பா ஆபீஸ் ரூம்ல கெடக்கு. சீல் வச்சவுக நீங்கதான. நீங்களே தொறங்க."

அதுவரை கோப்பால் விசிறிக்கொண்டிருந்த முத்துக்கிருஷ்ணனின் கை நின்றது.

அதிகாரி வயரை ஒரு பழுப்பு உறையில் போட்டு, எண் எழுதி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். சீலைத் தம் முன்னிலையில் திறக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி உதவியாளரிடம் கொடுத்தார். வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவர இன்னொரு மணி நேரம் ஆனது. கையெழுத்துப் போடுங்கள் என்று இடத்தைக் காட்டினார் உதவியாளர். செல்லக்கனி காட்டிய இடத்தை விட்டுவிட்டு மேலிருந்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். கம்பெனிகளில் சங்கு ஊதுகிற நேரம் ஆகிவிட்டது, எல்லாருக்கும் வீடு போக வேண்டும், அவள் அவசரப்படவில்லை. முதல் பத்தியிலேயே விரல் நின்றது. கம்பெனிக் கடிதத்திலிருந்து அப்படியே எடுத்து அடித்திருந்தார்கள்: 'சிகிச்சைக்குச் செல்லத் தாமே மறுத்த மாரித்தாய்'.

"இந்த வார்த்தையை அடிங்கம்மா."

அது கம்பெனி தரப்பு, உங்கள் வாக்குமூலம் கீழே இருக்கிறது என்றார் உதவியாளர். என் கையெழுத்துக்கு மேலே அது இருக்கக்கூடாது என்றாள் செல்லக்கனி. அதிகாரி தாளை வாங்கிப் பார்த்தார். நீல மையால் அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார், பக்கத்தில் தம் சுருக்கொப்பத்தைப் போட்டார். செல்லக்கனி அந்த மை காயும்வரை பார்த்திருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். உறைக்கு ரசீது கேட்டாள். அதுவும் கிடைத்தது.

சீல் திறக்கிற நாள் பிறகு தெரிவிக்கப்படும் என்றார்கள். அதற்கும் இதே ரோட்டில் வர வேண்டும். காலையிலிருந்து ஒரு வாய் டீகூட உள்ளே போகவில்லை என்பது படியிறங்கும்போதுதான் உறைத்தது.

வண்டியிடம் வந்தாள். எலுமிச்சம்பழம் வெயிலில் சுருங்கிக் கிடந்தது. வண்டி சரியானதற்கு இதுதான் காரணம் என்று இன்று ராத்திரி சுடலை சொல்வான், நாளைக்குத் தெருவே சொல்லும். கயிற்றை அறுத்துப் பழத்தை வேலியோரம் எறிந்தாள். பின்சீட்டில் படிந்திருந்த புழுதியை முந்தானையால் துடைத்தாள்.

செல்ஃபை அழுத்தினாள். ஒரே அழுத்தில் பிடித்தது.